மலைப்பாதைக்கு எவ்வளவு டேட்டா?

மன்னவனூர் சாலையில் நெரிசலைச் சமாளிக்க என்னென்ன டேட்டா தேவை என்று ஆராய, நாற்பது பக்கப் படிவத்தோடு சென்னையிலிருந்து வந்திருந்தார் பொறியாளர் இளஞ்செழியன். பூம்பாறை வளைவில் சோளம் சுட்டு விற்கும் பெருமாயிதான் முதலில் அகப்பட்டாள்.

"இந்த ரோட்டுக்கு என்ன டேட்டா வேணும்மா?"

"ஒரு நாளைக்கு மூணு ஜிபி சார். சீசன்ல அதுவும் பத்தாது."

இளஞ்செழியனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "நான் கேக்குறது வேற டேட்டா. உங்களுக்குப் புரியாது."

"என்னமோ சார். எனக்கு இன்னிக்கு வெள்ளனே தீந்துபோச்சு."

அவர் ஜீப்பில் ஏறி வளைவைத் தாண்டுவதற்குள் எதிரே ஒரு பேருந்து வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஜீப்புக்குப் பின்னால் மூன்று வேன்கள். அரை மணி நேரமாக எதுவும் நகரவில்லை.

பெருமாயி சாவகாசமாக ஜீப்பருகே வந்தாள்.

"வளைவுக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரர் கேரட் விக்கிறாருங்க. அவரு அங்கிட்டு வண்டிய நிப்பாட்டுனா, நான் இங்கிட்டு விடுவேன். ஹாரன் சத்தத்துல பேசுனா கேக்காது, வீடியோ கால்ல கையக் காட்டித்தான் பண்ணுவோம்."

"இன்னிக்கு ஏன் பண்ணல?"

"அதான் தீந்துபோச்சுன்னு சொன்னேனே. உங்க ஹாட்ஸ்பாட்டப் போடுங்க சார், வெரசா அனுப்பிவிடுறேன்."