மூணாவது வட்டம்

"பொறந்த மண்ணோட பேரை மாத்தச் சொல்றீங்களே, கூச்சமா இல்லையாம்மா?"

மேப் சார் கம்ப்யூட்டர்லேர்ந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். வீட்டு விளம்பரம் போடுற கம்பெனி. எந்த வீடு எந்த ஏரியான்னு மேப்புல கோடு போடுறது அவர் வேலை.

எதிர்ல நின்ன தையல்காரம்மா மெதுவாச் சொன்னாங்க.

"மாடி போர்ஷன் காலியாவே கிடக்கு சார். 'குப்பைமேடு'ன்னு பாத்ததும் ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கறதில்ல. குப்பை எப்பவோ போயாச்சு. பேரு மட்டும் போகல."

"மேப்புல மூணு வட்டம்மா. பெரிய வட்டம் நகரம். அதுக்குள்ள ஏரிக்கரை. அதுக்குள்ள குட்டியா உங்க குப்பைமேடு."

"ரெண்டாவது வட்டத்தோட நிறுத்திக்கக் கூடாதா? ஏரிக்கரைன்னா பொய் இல்லையே?"

"பொய் இல்ல. ஏமாத்து வேலை! அங்க குடியிருக்கறவங்க வாயில என்ன பேர் வருதோ, அதான் மேப்புல வரும்."

"சாருக்கு ஒரு மைக் குடுங்கப்பா" என்றது பக்கத்து மேஜை.

அதுக்குள்ள சாரோட செல்போன் அடிச்சது.

"சொல்லுங்க சம்பந்தி!" குரல்ல தேன் ஒழுகியது. இன்னும் பொண்ணு பாக்கவே வராதவர், அதுக்குள்ள சம்பந்தி.

"நம்ம வீடா? ஏரிக்கரைங்க... ஆமாமா, ஏரிக்கரையேதான்... எந்தப் பக்கமா? அது... நீங்க வாங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

போனை வெச்சுட்டு நிமிர்ந்தார். அப்பதான் அந்தம்மா முகத்தை ஒழுங்காப் பாத்தார்.

அவர் வீட்டுத் தெருமுனைத் தையல் கடை! தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் வர்றார்.

காதெல்லாம் சுட்டது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்... உக்காருங்கம்மா."

"பரவால்லண்ணே." அந்தம்மா குரலைத் தணிச்சாங்க. பக்கத்து மேஜைக்குக் கேக்காத மாதிரி. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நேத்து உங்க பொண்ணைப் பத்தி விசாரிக்க நம்ம தெருவுக்கு வந்தாங்க. 'இதானே குப்பைமேடு?'ன்னு என்கிட்டதான் கேட்டாங்க."

சார் மேஜை மேல முன்னால சாஞ்சார்.

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"'யாருங்க சொன்னது? இது ஏரிக்கரை'ன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். நம்ம தெருப் பொண்ணு நல்லா இருக்க வேண்டாமாண்ணே?"