சீனிக்கு ஒரு துண்டு பப்பாளி

"இன்னமே என் வீட்டு வாசப்படிய மிதிச்சே, நடக்குறதே வேற ராசம்மா!"

நல்லையா போட்ட சத்தத்தில் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பாதிச் சனம் வெளியே வந்து நின்றது. கோயில் நடை சாத்தியிருந்ததால் அன்றைக்கு அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். வந்து பார்த்தால், பக்கத்து வீட்டு ராசம்மா பின்கதவு வழியாக அவருடைய அடுப்படிக் குசினிக்குள் நுழைந்து, பூனைக்குப் பப்பாளி வைத்துக்கொண்டிருக்கிறாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"ஒரு சின்னத் துண்டுதாண்ணே. தோலு, விதையெல்லாம் எடுத்துட்டுத்தான்..."

"பூனைக்கு யாராச்சும் பழம் போடுவாங்களா? பாக்கியம் என் கையில ஒப்படைச்சிட்டுப் போனது இந்தச் சீனி ஒன்னத்தான். இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா செத்தவளுக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?"

ராசம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டாள். மனைவி பாக்கியத்தின் சிநேகிதியாயிற்றே என்றுகூட நல்லையா பார்க்கவில்லை.

உள்ளே போனதும் அவருடைய கோபம் இறங்கியது. பாக்கியத்தின் படத்துக்கு முன்னால் தட்டு காலியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பாக்கியம் கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டது திராட்சை. வாங்கிக்கொண்டு ஓடுவதற்குள் அவள் போய்விட்டாள். அந்தக் குறை மனிதரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கொத்துத் திராட்சையைப் படைத்து, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போவார். திரும்பி வந்து காலித் தட்டைப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கமே வரும்.

"வந்துட்டுப் போயிட்டியா புள்ள?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் தட்டு காலியாகத்தான் இருந்தது. ஆனால் சீனி வாந்தி எடுக்கத் தொடங்கியது. இரண்டு நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ராசம்மாவைத் திட்டித் தீர்த்துக்கொண்டே, பூனையைக் கூடையில் வைத்து, பதுளைக்கு பஸ் ஏறினார்.

"பக்கத்து வீட்டுக்காரி திரும்பவும் களவா வந்து பப்பாளி போட்டிருக்கா டொக்டர்."

"பப்பாளி எப்பவாவது ஒரு துண்டு குடுத்தா ஒண்டும் செய்யாது," என்றார் மிருக வைத்தியர் இரகுநாதன், பூனையின் வயிற்றை அழுத்திப் பார்த்தபடி. "வேற ஏதும் பழம் திண்டதோ? திராட்சை, அப்பிடி?"

"திராட்சையா?"

"ஓம். அது பூனைக்குக் குடுக்கவே கூடாது. கிட்னியைப் பழுதாக்கிப்போடும்." ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "நல்லாப் பிந்திப்போச்சுது ஐயா."

நல்லையா பூனையைத் திரும்பக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில், அவர் மடியிலிருந்த கூடைக்குள்ளேயே சீனி அடங்கிவிட்டது.

லயத்துக்குப் பின்னால் அவர் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது ராசம்மா வந்தாள். கிட்டே வராமல், தன் வீட்டுப் பக்கமே நின்றாள்.

"மன்னிச்சிரு தங்கச்சி." அவர் நிமிராமல் தோண்டிக்கொண்டே சொன்னார். "பப்பாளியால இல்ல. படையல் திராட்சைதான். அவ வந்து சாப்புடுறான்னு நான் பைத்தியக்காரன் மாதிரி நம்பிக்கிட்டு இருந்தேன். வாரா வாரம் இதுதான் தின்னிருக்கு."

"வாரா வாரம் தின்னிருந்தா அது என்னைக்கோ போயிருக்கும்ணே."

மண்வெட்டி அப்படியே நின்றது. "அப்ப யாரு...?"

ராசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத வாரம் அத தின்னுட்டு சீனி வாந்தியா எடுத்தத நான் பார்த்தேன். மதினி வந்து சாப்புட்டான்னு நீங்க அன்னைக்கு எல்லார்கிட்டயும் சந்தோசமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எப்புடிண்ணே சொல்றது? அதுக்கப்புறம் நீங்க கோயிலுக்குப் போனதும் பின்கதவால வந்து, திராட்சைய எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, ஏமாந்து நிக்குதேன்னு சீனிக்கு ஒரு துண்டு பப்பாளி வச்சிட்டுப் போவேன். இந்த வெள்ளிக்கிழம மட்டுந்தான் வரல... நீங்கதான் வாசப்படிய மிதிக்காதேன்னுட்டீங்களே."