பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன

“உன் புக்கால என் பொண்டாட்டிக்கு வேல போயிடுச்சு. நல்லா இருப்பியா நீ?”

போனில் வந்த ஆண் குரல் இவ்வளவுதான் சொன்னது. பேரைக்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டது. காவேரியின் புருஷன்தான், வேறு யார்? வினிதா அடுத்த ஓசூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டாள்.

வினிதா பெங்களூரில், இளம் சமூக ஆய்வாளர்களுக்கான ஃபெல்லோஷிப்பில் இருந்தாள். போன வருடம், 2006-இல், ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றின் பெண் தொழிலாளிகளைப் பற்றி ஆராய்ந்தாள். எட்டு மணி நேர ஷிப்டில் பாத்ரூம் போக ஆளுக்கு இரண்டே டோக்கன். அது தீர்ந்தால் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று எல்லாரும் ஒதுங்கிக்கொண்டபோது, வாயைத் திறந்தவள் காவேரி ஒருத்திதான்.

பேட்டி கொடுப்பவரின் பெயரையும் ஊரையும் மாற்றிப் போட வேண்டும் என்பது ஃபெல்லோஷிப் விதி. மாற்றுப் பெயரை அவர்களையே சொல்லச் சொல்வது வினிதாவின் சொந்த யோசனை. பேராசிரியர்களிடம் அதற்கு ஏகப்பட்ட பாராட்டு. “ராஜாத்தின்னு போடுங்க மேடம், ஊரு பேரிகை” என்று காவேரி சொன்னது புத்தகத்தில் அப்படியே அச்சானது.

ஆய்வுக்கு அனுமதி கொடுத்த கம்பெனிக்கு மரியாதைக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டாமா? நன்றிக் கடிதத்தோடு அனுப்பினார்கள் ஃபெல்லோஷிப் நடத்திய புத்திசாலிகள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ராயக்கோட்டை ரோட்டில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்று காவேரியுடையது. கதவைத் தட்டியதும் காவேரியே திறந்தாள், உடம்பில் கம்பெனி கோட்டோடு. இப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருக்கிறாள்.

“அக்கா! உங்களுக்கு வேலை போகலையா?”

“எனக்கா? எனக்கு ஏன் மேடம் போவுது? உள்ள வாங்க.”

வினிதாவுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

“ராஜாத்தியத்தான் தொரத்திட்டாங்க” என்றாள் காவேரி.

“எந்த ராஜாத்தி?”

“எங்க லைன்ல இருந்தவ. பேரிகைக்காரி. எச்.ஆர். சாரு புக்கத் தூக்கிக்கினு நேரா அவகிட்டதான் வந்தாரு. அந்த மேடத்த நான் கண்ணாலகூடப் பாத்ததில்லன்னு கால்ல உழுந்து அழுதா. யாரு கேட்டாங்க? ஒரே மணி நேரத்துல கேட்டுக்கு வெளிய தள்ளிட்டாங்க.”

கோட்டின் கையால் காவேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ‘பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன’ என்று புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருந்தது. அதை எந்த மேனேஜர் படிப்பான்?

“ஏன்க்கா, அந்தப் பேர்ல ஒருத்தங்க கூடவே வேலை செய்யறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“திடீர்னு ஒரு பேரு சொல்லுன்னா என்னா தோணும் மேடம்? நாளெல்லாம் பக்கத்துல நிக்கறவ பேருதான் வாயில வந்துச்சு. கூடவே அவ ஊரும் வந்துடுச்சு. இப்பிடி ஆவும்னு நான் கண்டனா? ரெண்டு புள்ளைங்க அவளுக்கு. நெனச்சா சோறு எறங்கல.”

வினிதாவுக்கும் அழுகை முட்டியது. போன் செய்தவன் யார் என்பது இப்போது புரிந்தது. சட்டென்று எழுந்தாள்.

“நான் இப்பவே கம்பெனிக்குப் போறேன். என்கிட்ட பேசினது ராஜாத்தி இல்லைன்னு சொல்லிடறேன்.”

“சொல்லுங்க. அப்ப யாருன்னு கேப்பாங்களே?”

எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள். பேட்டி கொடுத்தவரை எந்தக் காரணத்துக்காகவும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அந்தக் கையெழுத்து அவளுக்கு அந்த நேரத்தில் ரொம்ப வசதியாகவும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

காவேரி காபி கொண்டுவந்து வைத்தாள். “கோட்டு கலர் மாறியிருக்கே?” என்று கேட்டாள் வினிதா.

“அவ எடத்துல என்னையப் போட்டுட்டாங்க மேடம். லைன் லீடராம். பெரிய லீடரு! எனக்கு மேல சூப்பர்வைசர் பூவம்மான்னு ஒண்ணு ஒக்காந்துகினு உசுர எடுக்குது.”

காவேரியின் இரண்டாவது பேட்டியோடு போகாவிட்டால் வினிதாவின் ஃபெல்லோஷிப் இந்த வருடத்தோடு முடிந்துவிடும். இந்த நேரத்தில் அதைக் கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“மறுபடியும் பேசுவீங்களாக்கா? பயமா இருந்தா வேண்டாம்.”

“பயம் இன்னாத்துக்கு? கேளுங்க மேடம்.”

இத்தனை நடந்த பிறகும் உண்மையைச் சொல்ல ஒருத்தி! வினிதா நெகிழ்ந்தே போனாள். பையிலிருந்து டேப்ரெக்கார்டரை எடுத்து, புதுக் கேசட்டைப் போட்டாள்.

“இந்தத் தடவை மாத்துப் பேரை நானே வெச்சுடறேன்க்கா. உங்க கம்பெனியில யாருக்குமே இல்லாத பேரா.”

காவேரி கையை நீட்டி டேப்ரெக்கார்டரை அமுக்கி நிறுத்தினாள்.

“பேட்டி வேணும்னா பூவம்மான்னு போடுங்க மேடம்.”