சத்தமில்லாத வாள்

ஷட்டர் இறங்கிய சத்தத்தில் மேலப்பாளையமே இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும்.

நான் உள்ளே இருந்தேன்.

முகம்மது சுல்தானின் மெத்தைக்கடையில், கடைசி மூலையில், பனைமர உயரத்துக்கு அடுக்கிய ஸ்பாஞ்சுச் சுருள்களுக்குப் பின்னால் குனிந்து வெட்டுத்துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மதியம். ஜும்ஆ தொழுகைக்குத் தெருவே கடையடைக்கும் நேரம். உள்ளே ஆள் இருக்கிறதா என்று சுல்தான் குரல் கொடுத்துத்தான் இருப்பார். அந்தக் குரலை ஸ்பாஞ்சு குடித்துவிட்டது.

கையில் வாள் இருந்தது. அரை அங்குல பிளாஸ்டிக் குழாய், அதன் மேல் ஏ.சி. மெக்கானிக் ஒருவரிடம் காலில் விழாத குறையாக வாங்கிய கறுப்பு நுரைக்குழல், கைப்பிடிக்கு என் பழைய செருப்பின் அடி. நுனிக்கு மட்டும் கெட்டியான ஸ்பாஞ்சு கிடைக்கவில்லை. திருநெல்வேலி முழுக்கச் சல்லடை போட்டுவிட்டு இங்கே வந்திருந்தேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன். இப்போது சனிக்கிழமைதோறும் முக்கூடல் பக்கத்துத் தென்னந்தோப்பில் தளபதி.

பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சுஜின் என்ற பையன் கொண்டுவந்த விளையாட்டு அது. ராஜா, ராணி, படைவீரன் என்று வேடம் கட்டிக்கொண்டு வலிக்காத ஆயுதத்தால் அடித்துக்கொள்வோம். அடி பட்டவன் செத்தவன். ஓரமாக உட்கார்ந்து மோர் குடிக்கலாம்.

மூன்று வாரமாக மோர் குடித்தே என் வயிறு குளமாகிவிட்டது. எதிர்ப்படை ராணி அப்படிப்பட்டவள். முகம் முழுக்க அட்டைக் கவசம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது, எல்லாம் விசில்தான். போன மாதம் அவள் ஈட்டிக்குத் தப்பி, தாமிரபரணியே பயந்து ஒதுங்கும் வேகத்தில் ஓடி, தென்னை மரத்தில் மோதினேன். முழங்கால் பலாப்பழமானது.

குளியலறையில் வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி ஞானசௌந்தரி, கல்யாணப் பத்திரிகையில் எழுத்துப்பிழை இருந்தாலும் சிவப்பு மையில் சுழிக்கிறவள், அன்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒத்தடம் கொடுத்தாள்.

கேள்வி கேட்டதெல்லாம் சென்னையிலிருக்கும் மகள் டார்லின். இன்னொரு தரம் எங்காவது சுற்றி விழுந்தால் இரண்டு பேரையும் தன்னோடு கொண்டுபோய்விடுவாளாம். எட்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் அடுத்தவர் ஜன்னல். எங்கள் இருவர் கைபேசியும் எங்கே இருக்கிறது என்று தன் கைபேசி வரைபடத்திலேயே பார்க்கும் ஏற்பாட்டையும் செய்துவிட்டாள்.

அதனால் கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஞானசௌந்தரி மதியம் சாப்பிட்டு அறைக் கதவைச் சாத்தினால் இரண்டு மணிக்குத்தான் திறப்பாள். சனிக்கிழமை என்றால் கவலையே இல்லை; பெண்கள் ஐக்கிய ஜெபத்துக்குக் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுவாள். இன்று வெள்ளி. இரண்டு மணிக்கு என் கட்டில் காலியாக இருந்தால் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும். அப்புறம் எட்டாவது மாடிதான்.

கத்தினேன். அதையும் ஸ்பாஞ்சு குடித்தது.

ஷட்டரைக் கையால் தட்டினேன். உள்ளங்கை பழுத்ததுதான் மிச்சம். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை, எல்லாரும் பள்ளிவாசலில்.

வாளை இரண்டு கையாலும் ஓங்கி, நெல்லையப்பர் கோயில் யானை மிரளட்டும் என்று ஷட்டர்மேல் வீசினேன்.

பொத்.

பூனை மெத்தையில் குதித்த சத்தம். யாருக்கும் வலிக்காத, சத்தமே போடாத வாள் செய்வதற்கு நான்கு மாதம் பாடுபட்ட மடையன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

உள்ளே சூளை. எழுபது கிலோவாக நுழைந்தவன் ஐம்பதாக உருகியிருந்தேன். ஷட்டர் இடுக்கில் நூல் போல ஒழுகிய வெளிச்சத்தில், கல்லாப் பக்கம் ஒரு கட்டு தெரிந்தது. ஆறு ஈட்டி முனைகள், கெட்டி ஸ்பாஞ்சில், ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு வராத நேர்த்தியில். மேலே ஒரு சீட்டு: ‘ஈட்டி டீச்சர். தொழுகை முடிஞ்சதும் வருவாங்க.’

ராணி!

டீச்சரா அவள்? எங்கள் பாளையங்கோட்டையில் டீச்சருக்கா பஞ்சம்? யாரென்று நான் எதைக் கண்டேன்?

ஷட்டர் திறந்தால் எதிரி. திறக்காவிட்டால் மகள். முனை இல்லாத வாளோடு நடுவில் நான்.

ஒன்றே முக்காலுக்கு ஷட்டர் மேலே ஏறியது. முதலில் சுல்தானின் கால்கள் தெரிந்தன. பக்கத்தில் ஒரு பெண்ணின் செருப்பு. அந்தச் செருப்பின் வாரைப் போன வாரம் நான்தான் தைத்து வாங்கிவந்தேன்.

“அல்லாவே! அண்ணாச்சி, உள்ளயா இருந்திய? டீச்சர், இவுகள ஒங்களுக்குத் தெரியுமா?”

ஞானசௌந்தரி என்னைப் பார்த்தாள். வாளைப் பார்த்தாள். பரீட்சைத் தாளைத் தொடுவதுபோல இரண்டு விரலால் அதன் நுனியை அழுத்தினாள்.

“தெரியாது பாய். ஆனா இது நாளைக்கு முத அடியிலயே பிஞ்சிரும்.”

கட்டைத் தூக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னைக் கடக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

“போன எங்க வச்சிட்டு வந்திய?”

“தலையணைக்கு அடியில.”

“என்னதும் அங்கனதான் கெடக்கு. நீங்க முன்னால போங்க, நான் பின்னால பைய வாரேன்.”

சென்னையில் டார்லின் அந்நேரம் வரைபடத்தைத் திறந்து பார்த்திருப்பாள். பாளையங்கோட்டையில் இரண்டு புள்ளிகளும் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தன.