உன் நல்லதுக்குத்தான்

ஓர் அலுவலகத்தில் ஒரு மின்விசிறி இருந்தது. வயதாகிவிட்டதால் சுற்றும்போது கடகடவென்று சத்தம் வரும். காற்றுக்கு மட்டும் குறைவில்லை.

ஒருநாள் சுவரிலிருந்த ரெகுலேட்டர் அதனிடம் மெல்லச் சொன்னது: "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், நான் சொன்னதா வெளியே தெரியக்கூடாது. உன் சத்தம் தாங்கலைன்னு டியூப்லைட் பேசிக்கிட்டு இருக்கு. மேனேஜர் காதுக்கும் போயிடுச்சாம்."

டியூப்லைட்டிடம் நேரில் கேட்க மின்விசிறிக்குத் தைரியம் வரவில்லை. அது லேசாகக் கண் சிமிட்டினால்கூடத் தன்னைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறது என்று தோன்றியது. சத்தம் வரக்கூடாதே என்று மெதுவாகச் சுற்றியது. மறுநாள் இன்னும் மெதுவாக.

சட்டை நனைந்துபோன மேனேஜர், "இந்த ஃபேன் இனி தேறாது, மாத்திடுங்க" என்றார்.

அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்தார்கள். மேலே புது மின்விசிறி சுற்றத் தொடங்கியதுமே ரெகுலேட்டரின் குரல் கேட்டது: "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்..."

அப்போது டியூப்லைட் நடுங்கிக்கொண்டே பழைய மின்விசிறியைப் பார்த்துக் கேட்டது: "அண்ணே, போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. நான் கண் சிமிட்டுறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு ரெகுலேட்டர் சொல்லுச்சே, அது நிஜமா?"