பச்சைப் புள்ளிகள்

நேற்று மாலை எடுத்த ரத்தத்தை ரெஜினா அணுக்களை எண்ணும் இயந்திரத்தில் ஏற்றியபோது காலை மணி பதினொன்று. ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகள் வெள்ளணுக்களைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. லேசரைக் கடக்கும் ஒவ்வொரு அணுவும் திரையில் ஒரு பச்சைப் புள்ளியாக விழுந்தது. செத்த அணுவுக்குள் மட்டும் புகுகிற இன்னொரு சாயமும் உண்டு. அது சிவப்பு.

ஆய்வக ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம், கையில் கசங்கிய சீட்டு.

"அப்பாவோட ரிப்போர்ட்டுங்க. விடியக்காலையில தவறிட்டாரு. எதனாலன்னாவது தெரியணும்."

சீட்டிலும் குழாயிலும் ஒரே பெயர். "இப்பதான் சார் ஓடிட்டிருக்கு" என்றாள் ரெஜினா. அவர் எட்டித் திரையைப் பார்த்தார்.

"மூலையில அந்தச் செவப்பு?"

"அது செத்த அணு சார்."

"அப்ப பச்சையெல்லாம்?"

அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உயிரோட இருக்கு."

"எவ்வளவு நேரம் இருக்கும்?"

"விட்டா நாளைக்கு வரைக்கும் இருக்கும். ஆனா ஓட்டி முடிஞ்சதும் மிச்ச ரத்தத்துல பிளீச் ஊத்தி அழிச்சிடுவோம் சார்."

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. "எல்லாரும் வந்தாச்சு. அப்பாவ எடுக்கணும், எங்கடா இருக்க?" என்று யாரோ அதட்டுவது அவளுக்கும் கேட்டது.

"இன்னும் முடியலண்ணே" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் பொறுங்க."

இயந்திரம் எப்போதோ நின்றிருந்தது. ரெஜினா பிளீச் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.