எல்லையில் ஏறும் ஆள்

"உட்காராதீங்க சிஸ்டர், அதுக்கு ஆள் வருது."

கண்டக்டர் அவசரமாகத் தன் தோல்பையை ஜன்னலோர சீட்டின்மேல் வைத்தார். சிஸ்டருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"ஆளா? எங்கே ஏறுது உன் ஆளு?"

"எல்லை ஸ்டாப்புல."

"இது என் சீட்டுப்பா. வேலைக்குப் போன காலம் பூரா இங்கதான் உட்கார்ந்தேன். கடைசி நாளாவது உட்கார்ந்துட்டுப் போலாம்னு முட்டிவலியோட வந்திருக்கேன்."

"தெரியும் சிஸ்டர். வேற எந்த சீட்டுன்னாலும் ஆளை எழுப்பிவிட்டாவது தர்றேன். இது மட்டும் கேட்காதீங்க."

இடது வரிசையில் முன்னால் இருக்கும் சீட்டு. மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது, இந்த ஜன்னலில் சாய்ந்துதான் அவர் தூங்கினார், ஸ்வெட்டர் பின்னினார், வந்த வரனுக்குச் சரி சொல்வதா வேண்டாமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தார். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான்.

கீழே ஒன்றும் மலைமேல் ஒன்றுமாக இருந்த இரண்டு மாவட்டங்களையும் இணைத்த ஒரே தடம் இது. நஷ்டம் உன்னால்தான் என்று இந்த மாவட்டம் அந்த மாவட்டத்தைக் கைகாட்ட, ஏழு நடை மூன்றாகி, ஒன்றாகி, இன்றோடு அதுவும் நிற்கிறது. நேற்றுவரை காற்று வாங்கிய வண்டியில் இன்று ஊரே ஏறிக்கொண்டு, 'அந்தக் காலத்துல...' என்று கண்ணைக் கசக்கியது. திரும்பி வருவதற்கு எல்லோர் வீட்டு பைக்கும் காரும் பின்னாலேயே ஊர்வலமாக வந்துகொண்டிருந்தன. சிஸ்டரால் யாரையும் குறை சொல்ல முடியவில்லை. அதில் ஒரு கார் அவருடைய மருமகனுடையது.

"மேல இன்னிக்குப் பனியா இருக்குமா சிஸ்டர்?"

கண்ணாடியில் டிரைவரின் கண்கள் சிரித்தன. அடேயப்பா, மனிதர் இன்னும் மறக்கவில்லை! மலைப்பாதைக்கு வேறு டிரைவர். சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வரும் வண்டியை எல்லையில் இவர் வாங்கிக்கொள்வார். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முதல் வேலை, சிஸ்டரிடம் மேலே என்ன சேதி என்று கேட்பதுதான். மழையா, பள்ளத்தில் மேகம் இறங்கியதா, அருவியில் தண்ணீர் விழுந்ததா? பேச்சுத்துணைக்குக் கேட்கிறார் என்று சிஸ்டரும் கொஞ்சம் கூட்டியே அளந்துவிடுவார். அலுத்துப்போய் வந்த நாட்களில், "அருவி அங்கேயேதான் இருக்கு, எங்கேயும் ஓடிப்போகலை" என்று வெடுக்கென்று சொன்னதும் உண்டு.

"பனி இருக்கும். நின்னுக்கிட்டே பார்க்கணும்னு என் தலையெழுத்து," என்றார் சிஸ்டர், கண்டக்டர் காதில் நன்றாக விழும்படி.

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் கியரை மாற்றினார்.

கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த தையல்காரர் எடுத்துக்கொடுத்தார். "யாரோ பெரிய அதிகாரியாம் சிஸ்டர். பஸ்ஸை நிறுத்தக் கையெழுத்துப் போட்டவரே வர்றாராம்."

"வரட்டும், வரட்டும். இருக்கறதுலயே பெரிய ஊசியா எடுத்துக் குத்துறேன்."

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

வழியெல்லாம் சிஸ்டருக்குப் பழைய முகங்கள் ஞாபகம் வந்தன. செங்கல் சூளை ஸ்டாப்பில் ஓடிவந்து ஏறும் டீச்சர், ஒவ்வொரு வாரமும் கோழிக்கூடையோடு வந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கும் கிழவர். இப்போது அந்த ஸ்டாப்களில் கைகாட்ட ஒருவரும் இல்லை. அந்த நேரத்தில் சாய்ந்துகொள்ள அந்த ஜன்னல் கம்பி வேண்டும் போலிருந்தது. அதுவோ கண்டக்டரின் தோல்பைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

எல்லை ஸ்டாப் வந்தது. ஒரு மரம், ஒரு சிமெண்ட் பெஞ்சு. காலியாக வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர் இறங்க, சிஸ்டர் சட்டென்று அவர் இடத்தில் உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்த்தார். மலைப்பாதை டிரைவரைத் தவிர அங்கே ஈ காக்காய் இல்லை.

"எங்கேப்பா உன் பெரிய மனுஷன்?" என்றபடி கண்டக்டரின் பையை நகர்த்தவே கை வைத்துவிட்டார்.

டிரைவர் இஞ்சினை அணைத்தார். ஸ்டியரிங்கை மெல்ல ஒரு தட்டு தட்டிவிட்டு இறங்கினார். மலைப்பாதை டிரைவர் அந்த இடத்தில் ஏறிக்கொண்டார். இறங்கியவர் பெஞ்சுப் பக்கம் போகவில்லை. வண்டியைச் சுற்றிவந்து, படியேறி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிஸ்டரின் முன்னால் வந்து நின்றார். கண்டக்டர் பையை எடுத்துக்கொண்டார்.

"நீங்களா?" சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "காலமெல்லாம் முன்கண்ணாடி வழியா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே போனவருக்கு ஜன்னல் சீட்டு ஒரு கேடா?"

டிரைவர் புதுப் பையன் போலக் கூச்சத்தோடு சிரித்தார்.

"மலையில ஓட்ட எனக்கு லைசென்ஸ் கிடையாது சிஸ்டர். இங்கேயே இறங்கி, மேலேருந்து வர்ற வண்டியைத் திருப்பி ஓட்டிட்டுப் போறதுதான் என் டூட்டி. இன்னிக்குத்தான் திருப்பி ஓட்ட வண்டி இல்ல."

சிஸ்டர் முட்டியை ஒதுக்கி வழிவிட்டார். அவர் உள்ளே நுழைந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போர்டுல போட்டிருக்கிற ஊரை நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. எல்லாம் நீங்க சொல்லிக் கேட்டதுதான். அந்த அருவி எந்தப் பக்கம் வரும், சிஸ்டர்?"